எத்தனை பேருக்கு? அதற்கு முன்னால், எத்தனை பேரில்?

மழைக்காலம் வந்துவிட்டால் செய்தித்தாளில் ஒரு பெட்டிச் செய்தி தவறாமல் வரும்: "மாவட்டத்தில் மேலும் 40 பேருக்கு டெங்கு." படித்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம், நாலு பேர் பப்பாளி இலைச் சாறு பற்றி எழுதுகிறார்கள். அந்த 40 அதிகமா குறைவா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், போன வாரம் எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேருக்குச் சோதனை செய்ததில் 40 பேர் அகப்பட்டார்கள் என்பதெல்லாம் தெரியாதவரை 40 என்பது வெறும் 40தான்.

கொரோனா காலத்தில் நோய்க் கணக்கின் சொற்கள் டீக்கடை வரை வந்தன. பரவல் எண், மந்தை எதிர்ப்புச் சக்தி, இறப்பு விகிதம் என்று எல்லோரும் பேசினோம். பேசப்பேசப் பொருள் மட்டும் தேய்ந்துபோனது. "ஊசி போட்டவனுக்குத்தான் அதிகமா வருது", "நூற்றுக்கு ரெண்டு பேர்தானே சாகிறான்", "இப்பதான் அந்த நோயே இல்லையே, எதுக்கு மருந்து" என்ற பேச்செல்லாம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மூன்றிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே கோளாறு. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம். பள்ளிக்கூடத்தில் படித்த பின்னக் கணக்கு தெரிந்தால் போதும்.

மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்து "இவருக்கு என்ன?" என்று கேட்கிறார். ஒரு ஊரையே பார்த்து "ஏன் இவர்களுக்கு வந்தது, அவர்களுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்கிற துறை நோய்ப்பரவலியல். நோய் வந்தவர்களைப் போலவே வராதவர்களும் அதற்கு முக்கியம்.

லண்டன், 1854

இந்தத் துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஜான் ஸ்னோ என்ற ஆங்கிலேய மருத்துவரில்தான் தொடங்குவார்கள். நானும் அங்கேதான் தொடங்குகிறேன். ஆனால் பலரும் சொல்லும் கதையில் பாதிதான் இருக்கும்.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பிராட் தெருவையும் அதை ஒட்டிய தெருக்களையும் சேர்த்து 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்பது அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை. காலராக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அடையாளம் காட்ட இன்னும் 30 வருடம் இருந்தது. தண்ணீர்தான் காரணம் என்று ஸ்னோ சந்தேகப்பட்டார். பிராட் தெருவில் இருந்த கைப்பம்பின் கைப்பிடியைச் செப்டம்பர் 8ஆம் தேதி கழற்ற வைத்தார், நோய் அடங்கியது என்று கதை முடியும். உண்மையில் கைப்பிடியைக் கழற்றும் முன்பே சாவு குறையத் தொடங்கிவிட்டது. பயந்துபோன ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஸ்னோவே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தெருவில் துப்பாக்கி வெடிமூடி செய்யும் ஒரு தொழிற்சாலை இருந்தது. சுமார் 200 பேர் வேலை பார்த்தார்கள், 18 பேர் இறந்தார்கள். அங்கே தொழிலாளர் குடிக்க இரண்டு தொட்டிகளில் பம்புத் தண்ணீர் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு பீர் ஆலை. 70க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள், காலராவில் ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, பம்புப் பக்கமே அவர்கள் போவதில்லை என்றார் முதலாளி. அருகில் இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர், அதில் 5 பேர்தான் இறந்தார்கள். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது.

எல்லோரும் சுவாசித்தது ஒரே காற்று. அப்படியிருக்க 200இல் 18, 70இல் பூஜ்யம், 535இல் 5. பின்னத்தில் மேலே நிற்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் "18 பேர், 5 பேர்" என்பதோடு போயிருக்கும். கீழே நிற்கும் எண்ணையும் சேர்த்தால்தான் ஓர் இடத்தில் நூற்றுக்கு 9, இன்னோர் இடத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்பது கண்ணில் படுகிறது. கீழே நிற்கும் அந்த எண்ணின் பெயர் பகுதி எண். நோய் வர வாய்ப்பிருந்த மொத்தப் பேரை அது குறிக்கும். இந்தக் கட்டுரையில் மீதி உள்ளதெல்லாம் அந்த எண்ணைப் பற்றியதுதான்.

அதே வருடம் ஸ்னோ செய்த இன்னொரு வேலை பம்பை விடப் பெரியது. தென் லண்டனில் இரண்டு குடிநீர்க் கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. ஒரு வீட்டில் சவுத்வர்க் அண்ட் வாக்ஸால் தண்ணீர், அடுத்த வீட்டில் லாம்பெத் தண்ணீர். முதல் கம்பெனி நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்தில் தேம்ஸ் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரெடுப்பைச் சாக்கடை கலக்கும் இடத்தைத் தாண்டி ஆற்றோட்டத்தின் மேற்புறத்துக்கு மாற்றியிருந்தது. ஸ்னோ வீடு வீடாக ஏறி இறங்கினார். வாடகைக்குக் குடியிருந்த பலருக்குத் தங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தக் கம்பெனியுடையது என்றே தெரியவில்லை. அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் கரைசலை விடுவார். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரிந்துகொள்ளும். சவுத்வர்க் தண்ணீரில் உப்பு லாம்பெத்தைப் போல 40 மடங்கு இருந்ததால் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

அந்த வருடக் காலராவின் முதல் ஏழு வாரக் கணக்கு இது: சவுத்வர்க் குழாய் உள்ள 40,046 வீடுகளில் 1,263 சாவு. லாம்பெத் குழாய் உள்ள 26,107 வீடுகளில் 98. சாவுகளை மட்டும் பார்த்தால் ஒன்று மற்றதைப் போல 13 மடங்கு. ஆனால் முதல் கம்பெனிக்கு வீடுகளும் அதிகம். 10,000 வீட்டுக்கு எத்தனை என்று சமப்படுத்தினால் 315, 37. எட்டரை மடங்குதான். வித்தியாசம் குறைகிறது, ஆனால் இப்போது அதை நம்பலாம்.

ஒப்பிட்டால் மட்டும் போதுமா?

தென் லண்டன் கணக்குக்கு இத்தனை மதிப்பு ஏன்? ஒரு பணக்காரத் தெருவையும் ஒரு ஏழைத் தெருவையும் ஸ்னோ ஒப்பிட்டிருந்தால், "தண்ணீர் எங்கே வந்தது, வறுமைதான் காரணம்" என்று ஒரு வரியில் தள்ளியிருப்பார்கள். இங்கே அதே தெரு, அதே வருமானம், அதே காற்று. குழாய் மட்டும்தான் வேறு.

இரண்டு கூட்டங்களை ஒப்பிடும்போது நாம் கவனிக்கும் காரணத்தோடு கூடவே ஒட்டிக்கொண்டு வந்து முடிவைத் திசைதிருப்பும் வேறொரு காரணத்தைக் குழப்பக் காரணி என்பார்கள். "காலையில் நடக்கிறவர்களுக்கு மாரடைப்பு குறைவு" என்று ஒரு செய்தி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். காலையில் நடக்க நேரம் உள்ளவர்களில் எத்தனை பேர் வசதியானவர்கள், எத்தனை பேர் புகைபிடிக்காதவர்கள்? ஏற்கெனவே நெஞ்சுவலி உள்ளவர் நடக்கவே போகமாட்டாரே?

குழப்பக் காரணியைச் சமாளிக்க நல்ல வழி, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வது. இதற்குச் சமவாய்ப்பு முறை என்று பெயர். ஏழை, பணக்காரர், தெம்பானவர், மெலிந்தவர் எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்துவிடுவார்கள்.

இதற்கு உலகம் இன்றும் காட்டும் ஓர் உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். அதுவரை காசநோய் என்றால் சானடோரியம்தான்: நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. மாத்திரைகள் வந்துவிட்ட பிறகும் சானடோரியம் தேவையா, அல்லது வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டால் போதுமா என்பது கேள்வி. சென்னையின் ஏழைக் குடும்பத்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு சானடோரியம், இன்னொரு சாராருக்கு நெரிசலான சொந்த வீடு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை, ஓய்வும் எடுக்கவில்லை. 1959இல் முடிவு வெளியானது. குணமாவதில் இரு சாராருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அதைவிட ஆச்சரியம், கூட இருந்த குடும்பத்தாரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பரவி முடிந்திருந்தது. மருந்து தொடங்கியபின் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிட்டது. சானடோரியப் படுக்கைக்காகக் காத்துக்கிடக்கும் முறை உலகெங்கும் மெல்ல முடிவுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு. காசநோயாளியைத் தனித்தட்டு, தனிக்கட்டில் என்று மாதக்கணக்கில் ஒதுக்கிவைக்கும் வீடுகளை இன்றும் பார்க்க முடிகிறது என்பது வேறு விஷயம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நோய் எண்ணிக்கை ஒரு பின்னத்தின் மேல்பாதி. கீழ்ப்பாதி தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். ஒப்பிடும் இரு கூட்டங்களும் மற்ற விஷயங்களில் ஒத்திருந்தால்தான் காரணம் இதுதான் என்று சொல்ல முடியும்.

வரத்தும் இருப்பும்

மேட்டூர் அணைச் செய்தி வாசிக்கத் தெரிந்த யாருக்கும் அடுத்த விஷயம் எளிது. அணைக்கு வினாடிக்கு இத்தனை கன அடி நீர்வரத்து, அணையில் இத்தனை டி.எம்.சி. நீர் இருப்பு என்று தனித்தனியாகப் போடுவார்கள். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. வரத்து குறைவாக இருந்தாலும் மதகை அடைத்து வைத்தால் இருப்பு ஏறும். வரத்து கொட்டினாலும் திறந்துவிட்டால் இருப்பு ஏறாது.

நோயிலும் அப்படியே. ஒரு காலத்துக்குள் புதிதாக நோய் வந்தவர்களை, நோய் வர வாய்ப்பிருந்தவர்களால் வகுத்தால் கிடைப்பது நிகழ்வு வீதம். அது வரத்து. ஒரு குறிப்பிட்ட நாளில் நோயோடு இருக்கும் எல்லோரையும், பழையவர் புதியவர் என்று பாராமல், மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது இருப்பு வீதம். குணமாவதும் இறப்பதும்தான் மதகு.

இதில் விசித்திரமான ஒன்று நடக்கும். நோயை முழுசாகக் குணமாக்காமல் உயிரை மட்டும் காக்கும் நல்ல மருந்து வந்தால் இருப்பு வீதம் கூடும். எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்வோம். 2004 ஏப்ரலில் இந்திய அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள், தாம்பரமும் முதல் மையங்களில் ஒன்று. மருந்து கிடைப்பதற்கு முன் சில வருடங்களில் இறந்துகொண்டிருந்தவர்கள் அதன்பின் வேலைக்குப் போனார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வருடமும் அவர்கள் கணக்கில் இருக்கிறார்கள். இருப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "நோய் ஒழியவே இல்லையே" என்றால், உயிரோடு இருப்பதையே குறையாகச் சொல்வது போலாகிவிடும். நோயைக் கட்டுப்படுத்துகிறோமா என்று அறிய வரத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை பேருக்கு மாத்திரை வாங்கி வைக்க வேண்டும் என்று அறிய இருப்பைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயிலும் இதே கதை, கூடவே இன்னொரு சிக்கல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் சொன்னது. பெரியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். இது இருப்பு. ஆயுள் கூடியிருக்கிறது, மருந்து கிடைக்கிறது, உண்மையாகவே புதிய நோயாளிகளும் கூடியிருக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்த எண் அது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' போல வீடு தேடி வந்து ரத்தம் பார்க்கும் திட்டம் ஊருக்குள் வந்தால், பதிவேட்டில் நோயாளிகள் எண்ணிக்கை சட்டென்று ஏறும். திட்டம் வந்து நோய் கூடியது என்று அர்த்தமில்லை. இருந்ததே தெரியாமல் இருந்தவர்கள் இப்போது தெரியவந்திருக்கிறார்கள்.

"ஊசி போட்டவனுக்குத்தான் அதிகம் வருது"

இப்போது முதலில் சொன்ன பேச்சுக்கு வருவோம். ஒரு கற்பனை ஊர், 1,000 பேர். 900 பேர் ஒரு நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், 100 பேர் போடவில்லை. நோய் வருகிறது. போட்டவர்களில் நூற்றுக்கு 4 பேரைப் பிடிக்கிறது, போடாதவர்களில் நூற்றுக்கு 30 பேரை.

மருத்துவமனையில் போய் எண்ணினால், ஊசி போட்ட 900 பேரில் 36 பேர் படுத்திருக்கிறார்கள். போடாத 100 பேரில் 30 பேர். மொத்தம் 66 நோயாளிகளில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள். வார்டில் நிற்கும் நர்சுக்கும் நிருபருக்கும் தெரிவது இவ்வளவுதான். ஊரில் மீதம் 864 பேர் ஊசி போட்டுக்கொண்டு நோயில்லாமல் வீட்டில் இருப்பது வார்டில் நின்றால் தெரியாது. அவர்களையும் சேர்த்தால்தான் பகுதி எண்.

சரியான ஒப்பீடு 36ஐயும் 30ஐயும் வைத்து அல்ல, நூற்றுக்கு 4 என்பதையும் நூற்றுக்கு 30 என்பதையும் வைத்து. ஊசி இல்லாவிட்டால் 30 பேருக்கு வந்திருக்கும், ஊசியால் 4 ஆனது, 26 பேர் தப்பினார்கள். 30இல் 26 என்பது ஏறத்தாழ 87 சதவீதம். இதைத்தான் தடுப்பூசியின் செயல்திறன் என்கிறார்கள். 87 சதவீதச் செயல்திறன் என்றவுடன் "அப்போ போட்டவர்களில் 13 பேருக்கு வருமா?" என்று கேட்பார்கள். வராது. இந்த ஊரில் 4 பேருக்குத்தான் வந்தது. போடாவிட்டால் வந்திருக்கக்கூடிய நோயில் எத்தனை பங்கு குறைந்தது என்பதுதான் அந்தச் சதவீதம்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஊரில் எல்லோரும் ஊசி போட்டுவிட்டால், வரும் நோயாளிகள் அத்தனை பேரும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். வேறு யார்தான் இருக்கிறார்கள்?

எத்தனை பேர் சாகிறார்கள் என்பது

நோய் வந்தவர்களில் எத்தனை பேர் அதனால் இறக்கிறார்கள் என்பது நோயாளி இறப்பு வீதம். ஊர் மக்களில் எத்தனை பேர் அந்த நோயால் இறக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. மேல் எண் இரண்டிலும் ஒன்றே. கீழ் எண்தான் வேறு. பேச்சில் இரண்டையும் 'இறப்பு விகிதம்' என்று ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம்.

2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா வைரஸ் வந்தது. உறுதியானவர்களில் ஓரிருவரைத் தவிர எல்லோரும் இறந்தார்கள், மொத்தம் 17 பேர். மிகக் கொடிய நோய். 1918இல் வந்த இன்ஃபுளுயன்சாவில் உலக அளவில் நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அது தொடாத ஊரில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். "நூற்றுக்கு ரெண்டு பேர்தானே" என்று சொல்கிறவர், அந்த நூறு எத்தனை முறை வரும் என்பதைக் கேட்க மறந்துவிடுகிறார்.

புது நோய் ஒன்று வந்த ஆரம்ப வாரங்களில் நோயாளி இறப்பு வீதத்தை முழுசாக நம்பவும் கூடாது. லேசான காய்ச்சலோடு வீட்டில் கிடந்து எழுந்தவர்கள் யாரும் சோதனைக்கு வந்திருக்க மாட்டார்கள். ஆகவே கீழ் எண் சிறுத்து, வீதம் ஊதிப்போய்த் தெரியும். இன்னொரு பக்கம், இன்று ஐ.சி.யூ.வில் இருப்பவர் என்ன ஆவார் என்பது இன்னும் தெரியாது. அதனால் மேல் எண்ணும் குறைவாக இருக்கலாம். இரண்டு பிழைகள் இரண்டு பக்கமும் இழுக்கும்போது வரும் ஒரு சதவீதத்தைத் தசமப் புள்ளிக்கு இரண்டு இலக்கம் வரை தொலைக்காட்சியில் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்கு

யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஓர் ஊருக்குள் ஒரு நோயாளி வந்தால் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார்? அந்த எண்தான் அடிப்படைப் பரவல் எண். தட்டம்மைக்குப் பொதுவாக 12 முதல் 18 வரை சொல்வார்கள். தெரிந்த தொற்றுகளில் மிக உயர்ந்தவற்றில் ஒன்று.

இதைப் பரவும் வேகம் என்று எண்ணிக்கொள்வதுதான் பெரிய தவறு. இந்த எண்ணில் காலமே கிடையாது. தட்டம்மையில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய் நோய் காட்ட ஒன்றரை, இரண்டு வாரம் ஆகும். இன்ஃபுளுயன்சாவின் பரவல் எண் பல சமயம் இரண்டைக்கூடத் தாண்டாது. ஆனால் மூன்று நாளில் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால்தான் சில வாரங்களில் ஊரையே படுக்கப் போடுகிறது. இன்னொரு தவறு, இதை வைரஸின் நிரந்தரக் குணம் என்று எண்ணுவது. நெரிசலான பேருந்துள்ள ஊரில் ஓர் எண், பரந்து வாழும் ஊரில் வேறோர் எண். கிருமி அதேதான், மனிதர்கள் கலக்கும் விதம் வேறு.

சரி, தட்டம்மைக்கு 15 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். நோயுள்ள ஒரு குழந்தை 15 பேருக்குப் பரப்பும். அந்த 15இல் 14 பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தால் ஒருவருக்குத்தான் போகும். ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் சங்கிலி தானாக அறுந்துபோகும். 15இல் 14 என்பது 93 சதவீதம். இரண்டு தவணை போட்டும் நூற்றில் சிலருக்கு எதிர்ப்பு உண்டாகாது என்பதால் 95 சதவீதம் என்று இலக்கு வைக்கிறார்கள். அத்தனை பேருக்குப் போட்டுவிட்டால், போட முடியாத கைக்குழந்தையும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும்கூடத் தப்பித்துக்கொள்வார்கள். சமூக எதிர்ப்புச் சக்தி, அதாவது மந்தை எதிர்ப்புச் சக்தி, என்பது இதுதான்.

எல்லா நோய்க்கும் இது கிடையாது. ரண ஜன்னி (டெட்டனஸ்) மண்ணிலிருந்தும் அழுக்கிலிருந்தும் காயத்துக்குள் வருகிறது, மனிதரிடமிருந்து மனிதருக்கு அல்ல. ஊரில் 999 பேர் ஊசி போட்டிருந்தாலும் போடாத அந்த ஒருவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வெறிநாய்க்கடியும் அப்படித்தான். "எல்லாரும் போட்டுட்டாங்க, நமக்கு எதுக்கு" என்பது இந்த இரண்டிலும் உயிரையே எடுத்துவிடும்.

பரவல் எண் சராசரி என்பதால் அது சிலவற்றை மறைக்கவும் செய்யும். பெரும்பாலோர் ஒருவருக்கும் பரப்பாமல், ஓரிருவர் மட்டும் பத்து இருபது பேருக்குப் பரப்பும் நோய்களும் உண்டு, 2003இல் பல நாடுகளில் பரவிய சார்ஸ் என்ற நுரையீரல் நோய் அப்படித்தான். அங்கே எல்லோரையும் துரத்துவதைவிட ஒவ்வொரு நோயாளியையும் சுற்றி வளைப்பது பலன் தரும். பெரியம்மையை ஒழித்ததும் ஏறக்குறைய அந்த வழியில்தான். எல்லோருக்கும் ஊசி போட்டு முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. நோயாளி கிடைத்த இடத்தில் அவரைச் சுற்றி உள்ளவர்கள், அவர்களைச் சுற்றி உள்ளவர்கள் என்று வளையம் வளையமாகப் போட்டுக்கொண்டே போனார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம். உலகில் இயற்கையாக வந்த கடைசி நோயாளி 1977 அக்டோபரில், சோமாலியாவில்.

சுருக்கமாக: பரவல் எண் ஒருவர் எத்தனை பேருக்கு என்று சொல்லும், எவ்வளவு சீக்கிரம் என்று சொல்லாது. அது ஒன்றுக்குக் கீழே போனால் நோய் அடங்கும். அப்படி இறக்கப் பல வழிகள் உண்டு, ஊசி அதில் ஒன்று.

தடுப்பது என்றால் எங்கே தடுப்பது

தடுப்பை மூன்று படிகளாகப் பிரிப்பார்கள். நோயே வராமல் பார்ப்பது முதல்நிலை. வந்ததை அறிகுறி முற்றும் முன் கண்டுபிடிப்பது இரண்டாம் நிலை. முற்றிய நோய் காலையோ கண்ணையோ சிறுநீரகத்தையோ கொண்டுபோகாமல் காப்பது மூன்றாம் நிலை. சர்க்கரை நோயாளி தினமும் உள்ளங்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வதும் தடுப்புதான், மூன்றாம் நிலைத் தடுப்பு.

எந்தப் படியில் கை வைக்கிறோம் என்று தெரியாவிட்டால் உழைப்பு வீணாகும். டெங்குக்குத் தெருவில் புகை அடிப்பது நல்ல உதாரணம். புகை பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணியிலும் ஒதுங்குவது. புகை வண்டி தெருவோடு போய்விடும். நாளைக்குப் பறக்கப்போகிற கொசு குடத்துத் தண்ணீரில் புழுவாகத் துள்ளிக்கொண்டிருக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை பாத்திரத்தைக் காலி செய்யச் சொல்வது அதற்காகத்தான். காலி செய்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

டார்ச்சும் கையுமாக வந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டையும் மொட்டைமாடி டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் எட்டிப் பார்க்கும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களை நாம் அவ்வளவாக மதிப்பதில்லை. அவர்கள் எழுதிக்கொண்டு போவதும் ஒரு பின்னம்தான். பார்த்த 100 வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. அது ஏறினால், காய்ச்சல் வார்டு நிறையும் முன்பே எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று தெரியும். நம் வீட்டுக்குள் விடாமல் வாசலோடு திருப்பி அனுப்பினால் அந்தக் கணக்கில் நம் வீடு கீழ் எண்ணிலும் இருக்காது, மேல் எண்ணிலும் இருக்காது. புழு மட்டும் இருக்கும்.

இலங்கையின் 17

தடுப்பில் வெற்றி பெற்றால் காட்ட ஒன்றுமே இருக்காது என்பதுதான் இதில் உள்ள பெரிய தொல்லை. வராத நோயைப் படம் பிடிக்க முடியாது.

இலங்கையில் 1934-35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 பேரைக் கொன்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கினார்கள். நோய் இறங்கிக்கொண்டே வந்து 1963இல் தீவு முழுவதற்கும் வெறும் 17 நோயாளிகள். நோய்தான் போய்விட்டதே என்று தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் மலேரியா.

17 என்ற எண்ணில் பிழையில்லை. அது என்ன சொன்னது என்று புரிந்துகொண்டதில்தான் பிழை. கொசு இருந்தது, அது முட்டையிடும் ஆற்றுக் குட்டைகள் இருந்தன, நோய் வரக்கூடிய மக்கள் முன்பைவிட அதிகமாக இருந்தார்கள், ஏனென்றால் பல வருடமாக யாருக்கும் வரவில்லை. ஆபத்துக்கு உட்பட்டவர்கள் என்ற அந்தக் கீழ் எண் இலட்சக்கணக்கில் அப்படியே நின்றது. மேல் எண் சிறியதாக இருந்தது தெளிப்பு நடந்துகொண்டிருந்ததால்தான்.

இரண்டாவது முறை இலங்கை அந்தத் தவறைச் செய்யவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார், உள்நாட்டுப் போர் முடிந்து மூன்றே வருடம். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. சான்று கிடைத்த பிறகும் மலேரியா ஒழிப்பு இயக்கத்தை மூடவில்லை. வெளிநாடு போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் ரத்தம் பார்க்கிறார்கள், ஒருவருக்கு இருந்தால் அவரைச் சுற்றி உள்ளவர்களையும் பார்க்கிறார்கள், ஊர் ஊராகக் கொசு பிடித்து என்ன இனம் என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான், சான்று வந்த சில மாதங்களிலேயே மன்னாரில் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசுவைக் கண்டுபிடித்தார்கள். சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிட்டு மலேரியா பரப்புவது அதே இனம். இலங்கையில் அதற்கு முன் அது பதிவானதே இல்லை. அப்போது அங்கே உள்நாட்டு மலேரியா நோயாளிகள் எண்ணிக்கை பூஜ்யம்.